இருபத்தோராவது லேப்டாப்

அன்புள்ள மகனுக்கு,

போன மாதம் பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை, நம் கடையில் ஒரு அம்மாவின் லேப்டாப்பை அவரைக் கேட்காமல் முழுக்கத் துடைத்து அழித்துவிட்டோம். அழிக்கச் சொன்னது நான்தான். நலம் விசாரித்துவிட்டு மற்றதை எழுதுவதுதான் முறை, ஆனால் இதை எழுதாமல் நாங்கள் நலம் என்று எழுதப் பேனா ஓடவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. அப்பாவின் முழங்கால் மட்டும் படியேறும்போது சத்தம் போடுகிறது, அதற்கும் அவர் பழைய பஸ் கண்டக்டர் பழக்கத்தில் விசில் ஊதி 'ஸ்டாப்பிங்' சொல்லிவிட்டு நடுப்படியில் நின்றுகொள்கிறார். நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் நேரம் ஒதுக்குகிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். எந்த லேப்டாப் வாங்குவது என்று அன்று கேட்டாயே, அதற்கும் இதில் பதில் இருக்கிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் என் வாய் வியாபாரம் பண்ணிவிடும் என்று உனக்கே தெரியும். கை அவ்வளவு வேகமாகப் பொய் சொல்லாது.

அந்த அம்மாவை நீ பார்த்ததில்லை. ரயில்வே கேட்டைத் தாண்டி ஐஸ் ஃபாக்டரிக்குப் பின்னால் ஒரு நீள அறையில் அவரும் கணவரும் காலணி செய்துகொண்டிருந்தார்கள். கடையில் தொங்கும் காலணி இல்லை. ஒரு கால் குட்டை ஒரு கால் நெட்டை ஆனவர்கள், பாதம் உள்ளே மடங்கியவர்கள், விபத்தில் விரல் இழந்தவர்கள், இவர்களுக்கு மட்டும். கணவர் அளவெடுப்பார், அந்த அம்மா தோல் வெட்டித் தைப்பார். கணவர்தான் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து, மர அச்சில் எந்த இடத்தில் எத்தனை மில்லி தோல் ஒட்டி உயர்த்த வேண்டும் என்று குறித்து, அதை ஸ்கேன் செய்து லேப்டாப்பில் போட்டுவிட்டுத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவாராம். தாள் கசங்கும், எலி தின்னும், லேப்டாப் தின்னாது என்பாராம். அவர் காலமாகி அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. எல்லோரும் ஷூக்காரம்மா என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

அன்று கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஷூக்காரம்மா கணவரின் லேப்டாப்பைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார். திறக்கவே கால் மணி நேரம் ஆகிறது, கொஞ்சம் வேகமாக்கிக் கொடுங்கள் என்றார். மூன்று வருடத்துக்கு முன் அவர் கணவருக்கு நானே தேர்ந்து கொடுத்த மிஷின் அது, கறுப்பு, கனம், ஆபீஸ்காரர்கள் வாங்கும் ரகம். சனிக்கிழமை வாருங்கள் என்று அனுப்பினேன். நம் கடைச் சட்டம் உனக்கு மறந்திருக்காது. ரிப்பேருக்கு வந்தது என்றால் வாங்கின கையோடு மஞ்சள் சீட்டில் பெயர் எழுதி நூலால் கட்ட வேண்டும், சீட்டுக் கட்டாமல் மிஷின் கையை விட்டு இறங்கக் கூடாது. நாம் விலைக்கு வாங்கினதற்குச் சீட்டு கிடையாது, அதை வந்த அன்றே ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பூஜ்யம் எழுதித் துடைத்து, விண்டோஸுக்குப் பதில் காசில்லாத லினக்ஸை ஏற்ற வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டதே நான். அன்று சீட்டுப் புத்தகத்தைத் தேடிக் குனிந்த நேரத்தில் வாசலில் வேன் வந்து நின்றது. மூடிப்போன ஒரு ஆபீஸிலிருந்து இருபது லேப்டாப் பேசி வைத்திருந்தேன், எல்லாம் அதே கறுப்பு, அதே கனம். இறக்கினவர்கள் கல்லாப் பக்கத்து மேசையில் அடுக்கினார்கள். ஷூக்காரம்மாவின் மிஷின் இருந்ததும் அந்த மேசையில்தான். வேன்காரர் கையெழுத்துக்கு அவசரப்படுத்தினார். சீட்டு என் கையிலேயே நின்றுவிட்டது.

மதியம் நீ கூப்பிட்டாய். வெள்ளி நிறத்தில் மெல்லிசாக ஒன்று பார்த்திருக்கிறேன் அம்மா என்றாய். நான் மேலே இருந்த ஒன்றை எடுத்து, மூடியைத் திறந்து மூடி, கீல் எப்படி இருக்க வேண்டும் பார் என்று போன் கேமராவில் காட்டினேன். அப்போது நீ, "மூடியில என்னம்மா ஒரு பாதம் படம் ஒட்டியிருக்கு?" என்று கேட்டாய். நினைவிருக்கிறதா. "ஆபீஸ்ல வேலைவெட்டி இல்லாதவன் எவனாவது ஒட்டியிருப்பான்"னு சொல்லிச் சிரித்தேன். அந்தப் படம் அவர் கணவர் வெட்டி ஒட்டினது. காலையில் துணிப்பையிலிருந்து எடுக்கும்போது நான் பார்த்த படம்தான். என் கண் பார்த்தது, என் மண்டை கீலையும் விலையையும் நினைத்துக்கொண்டிருந்தது. அந்த நிமிடம் உன் கேள்விக்கு நான் நின்று பதில் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

இன்னொரு முறையும் தப்பிக்க வழி வந்தது. நம் மெக்கானிக் திருகாணி, எப்போதும் உதட்டில் ஒரு ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டே வேலை செய்வாரே, பதினோரு வருடமாக நம்மோடு இருப்பவர், அவர் சாயங்காலம் வந்து, "அக்கா, இருபதுக்கு இருபத்தொண்ணு வந்திருக்கு" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதீங்க. வாயை மூடிட்டுத் துடைங்க" என்றேன். சந்தோஷமாகச் சொன்னேன். ஒன்று ஓசியில் வந்தது என்று. அவர் அந்தப் பாதம் படத்தை பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு மற்ற இருபதோடு அதையும் துடைத்தார். பூஜ்யம் எழுதினால் பூஜ்யம்தான், திரும்ப எடுக்கவே முடியாது. அதைத்தானே ஆபீஸ்களுக்குக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம், நம் கடையின் பெயரே அதில்தான் நிற்கிறது.

சனிக்கிழமை ஷூக்காரம்மா வந்து நின்றதும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஒரு நிமிடம் உள்ளே போய்த் தேடுவது போல் நின்றேன். வெளியே வந்து, ஹார்ட் டிஸ்க் செத்துப்போயிற்று, பழசு இல்லையா, அதனால்தான் திறக்க அவ்வளவு நேரம் ஆயிற்று, எங்கள் கையில் ஒன்றும் இல்லை என்றேன். முப்பது வருடம் வியாபாரம் செய்தவளுக்கு நம்புகிற மாதிரி பொய் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். அவர் அழவில்லை, சண்டை போடவில்லை, முந்நூற்றுப் பதினொரு பேருடைய அளவு அதில்தான் இருந்தது என்று மட்டும் சொன்னார். மிஷினையாவது கொடுங்கள் என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மூடியின் மேல் கட்டைவிரலால் தேய்த்தார், பசை பிசுபிசுத்தது. "டிஸ்க்கு உள்ளதானே இருக்கும்? மேல ஒட்டியிருந்த படத்தை ஏங்க சுரண்டினீங்க?" என்று கேட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவளுக்கு அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. திருகாணி பக்கம் கையைக் காட்டி, "அவரு வேலை செய்யும்போது ஏதோ பண்ணிட்டாரும்மா, நான் கேக்கறேன்" என்றேன். திருகாணி என்னைப் பார்த்தார். உதட்டிலிருந்த ஸ்க்ரூவை எடுத்து மேசையில் வைத்தார். ஷூக்காரம்மா மிஷினைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் பாதியைத்தான் சொன்னேன். அவர் மீதியைத் தானே கண்டுபிடித்துவிட்டார், டிக்கெட் இல்லாதவன் முகத்தை இருபத்தெட்டு வருடம் பார்த்த மனுஷன் இல்லையா. "நாப்பது டிக்கெட் கிழிச்ச வண்டியில நாப்பத்தொரு தலை இருந்தா, ஐயா ஒரு ஆள் லாபம்னு எந்தக் கண்டக்டராவது சந்தோஷப்படுவானா? யாரோ எங்கயோ தப்பா ஏறியிருக்கான்னு வண்டிய நிறுத்த மாட்டான்? ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவே, வந்ததை எண்ணிப் பாக்கத் தெரியலையா உனக்கு?" என்றார். நான் கோபத்தில், அழிந்தது அழிந்துவிட்டது, ஒரு நல்ல புது லேப்டாப்பாகக் கொடுத்துவிட்டால் போகிறது என்றேன். அதற்கு அவர், "அந்தம்மா கேட்டது லேப்டாப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேப்பரைத் திருப்பிக்கொண்டார். அன்று ராத்திரி அவர் டீ போட்டுத் தரவில்லை. நாற்பது வருடத்தில் அவர் எனக்கு டீ போடாத நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த முந்நூற்றுப் பதினொரு பேரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தனை பேருக்கும் ஷூக்காரம்மா தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார், ஆர்டர் நோட்டில் பெயரும் போன் நம்பரும் இருந்தன, அளவு மட்டும் இல்லை. அளவு தப்பின காலணி அவர்களுக்கு வெறும் கடி இல்லை, இடுப்பு வரை இழுக்கும், புண்ணாகும், சிலர் வேலைக்கே போக முடியாது. அளவெடுத்த கையும் இப்போது இல்லை. இரண்டு மூன்று பேர் வேறு இடம் பார்த்துப் போய்விட்டால் மற்றவர்களும் போவார்கள், அந்த நீள அறையைப் பூட்டிவிட வேண்டியதுதான். வியாபாரம் எப்படிச் சாகும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

திங்கட்கிழமை கடையைத் திறந்ததும் திருகாணியிடம், கிளம்புங்கள், ஐஸ் ஃபாக்டரிக்குப் பின்னால் போக வேண்டும் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, சனிக்கிழமையிலிருந்து கேள்வி கேட்பதையே நிறுத்தியிருந்தார். ஷூக்காரம்மா ஒரு உள்ளங்கால் அட்டையை வெட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன், சீட்டுக் கட்டாமல் விட்டது நான், மூடியிலிருந்த பாதம் படத்தைப் பார்த்து என் மகன் கேட்டும் கவனிக்காதது நான், இருபத்தொன்று என்று இவர் வந்து சொன்னபோது துடைக்கச் சொன்னதும் நான், டிஸ்க் சாகவில்லை, இவர் மேல் பழி போட்டதும் பொய் என்று. கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், "சனிக்கிழமையே சொல்லியிருந்தா ரெண்டு நாளா நான் செத்தவரைத் திட்டியிருக்க மாட்டேன். இப்படியா எல்லாத்தையும் ஒரே பெட்டியில வெச்சு அதை நம்புவாரு, என்ன மனுஷன்னு, அவர் படத்துக்குச் சோறு வைக்கும்போதுகூடத் திட்டினேன்." மகனே, என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். புது லேப்டாப் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அப்பா கேட்டது நினைவு வந்து வாயை மூடிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் திருகாணி மூன்று நாளில் முதல் தடவையாகப் பேசினார். மேசை ஓரத்தைக் காட்டி, "அது லேப்டாப்தானேக்கா?" என்றார். பசை காய்வதற்காக அடுக்கி வைத்த உள்ளங்கால் அட்டைகள் மேல் பாரமாக ஒரு பழைய லேப்டாப் கிடந்தது. ஷூக்காரம்மாவின் கணவர் அதற்கு முன் வைத்திருந்தது, வாங்கிப் பதினாலு வருடம் இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் புதியது எடுக்கும்போது இதை எக்ஸ்சேஞ்சுக்கு நம் கடைக்குத்தான் கொண்டுவந்தார். நான் சொன்ன விலையைக் கேட்டு, "அந்தக் காசுக்கு நான் இதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கறேன்"னு திரும்ப எடுத்துக்கொண்டு போனவர். என் கஞ்சத்தனம் ஒருவருக்கு நல்லது செய்தது இந்த ஒரு முறைதான். நல்ல விலை கொடுத்து வாங்கியிருந்தால் அன்றே அதையும் துடைத்திருப்பேன்.

கடைக்கு எடுத்துப்போய்ப் பார்க்கிறோம் என்றேன். "உங்க கடைக்கு இனிமே என் பொருள் எதுவும் வராது. செய்யறதை இங்கயே, என் கண்ணு முன்னாடி செய்ங்க" என்றார். அதுவும் நியாயம்தான். திருகாணி போய் ஒரு மானிட்டரும், சார்ஜரும், பழைய ரேம் இரண்டும், நீ லினக்ஸ் ஏற்றிக் கொடுத்த அந்த பென் டிரைவும் கொண்டுவந்தார். நீ காலேஜ் விடுமுறையில் வந்தபோது கடையில் செத்துக் கிடந்த ஒரு லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றி ஓட வைத்தாயே, ஓசியில் கிடைப்பது எத்தனை நாளைக்கு உருப்படும் என்று நான் கேலி செய்தேனே, அதன் அடுத்த தலைமுறை பென் டிரைவ்தான் இது. அந்தப் பழைய லேப்டாப்பின் மூடியெல்லாம் பசை. ஸ்க்ரீன் உடைந்து கறுத்திருந்தது, பேட்டரி உப்பியிருந்ததால் முதலில் அதைக் கழற்றி வெளியே வைத்தார். ஃபேனில் தோல் தூசி பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. துடைத்து, ரேம் மாற்றி, மானிட்டரை மாட்டி, பென் டிரைவிலிருந்து கிளப்பினார். பழைய விண்டோஸைத் தொடவே இல்லை, டிஸ்க்கில் ஒரு எழுத்துக்கூட எழுதக் கூடாது, படிக்க மட்டும்தான் வேண்டும் என்றார். டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டது. அந்தச் சத்தம் நல்லதில்லை என்று எனக்குத் தெரியும், ஷூக்காரம்மாவுக்குத் தெரியாது, அவர் முகத்தைப் பார்க்காமல் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஃபைலாக பென் டிரைவுக்கு நகர்ந்தது. இரண்டு தரம் நின்றது, நின்ற இடத்தை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிட்டு மறுபடி அதற்கு வந்தார். மூன்றரை மணி நேரம். நாங்கள் மூவரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

முதலில் திறந்த படத்தில் ஒரு இடது பாதம். ஓரத்தில் அவர் கணவரின் கையெழுத்து. ஷூக்காரம்மா எழுந்து வந்து சத்தமாகப் படித்தார், "குதிகால் நாலு மில்லி தூக்கணும். கோடையில வீங்கும், அரை மில்லி விட்டுப் பிடி. கூச்சப்படுவாரு, சிரிக்க வெச்சு அள." அதைப் படித்துவிட்டு மறுபடி ஒருமுறை மனதுக்குள் படித்தார். நூற்றுத் தொண்ணூற்றாறு பேர் கிடைத்தார்கள். மீதி நூற்றுப் பதினைந்து பேர் கடைசி மூன்று வருடத்தில் வந்தவர்கள், அவர்கள் அந்தத் துடைத்த மிஷினில் மட்டும்தான் இருந்தார்கள். திருகாணி சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூவை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டார். என்னிடம் இன்னும் முன்போலப் பேசுவதில்லை, ஆனால் ஸ்க்ரூ திரும்பி வந்துவிட்டது.

இப்போது உன் லேப்டாப்புக்கு வருகிறேன். அந்த மெல்லிசை வாங்காதே. பார்க்க அழகுதான், ஆனால் ரேமை ஒட்டியே வைத்திருப்பான், பேட்டரியைப் பசை போட்டு அமுக்கியிருப்பான், மூன்றாம் வருடம் ஒன்று போனால் எல்லாம் போச்சு. ஆபீஸுக்கென்று செய்கிற ரகத்தில் மூன்று நாலு வருடம் ஓடினது எடு. அடிமூடி ஸ்க்ரூவில் கழல வேண்டும், ரேமும் டிஸ்க்கும் மாற்ற இடம் வேண்டும், கீபோர்டும் பேட்டரியும் தனியாக விலைக்குக் கிடைக்க வேண்டும். விற்கிறவன் பேசுவதைக் கேட்காதே, நான் விற்கும்போது பேசுவதை நினைத்துக்கொள். மூடியை ஒற்றை விரலால் பாதி திறந்து விடு, நின்ற இடத்தில் நிற்க வேண்டும், விழுந்தால் கீல் போச்சு என்று அர்த்தம். எல்லாப் பட்டனையும் ஒன்று விடாமல் அழுத்து. சார்ஜர் பின்னை மெல்ல ஆட்டிப் பார், விளக்கு அணையக் கூடாது. பென் டிரைவில் லினக்ஸைக் கொண்டுபோய்க் கடையிலேயே கிளப்பி, வைஃபையும், சத்தமும், கேமராவும், மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பதும் பார்த்துவிட்டுப் பிறகு காசை எடு. தொடங்கும்போதே பழைய ஆபீஸின் பாஸ்வேர்டு கேட்டால் கீழே வைத்துவிட்டு வந்துவிடு, எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. லினக்ஸில் எல்லாம் ஓடும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. உன் ஆபீஸ் கொடுக்கும் ஏதாவது ஒரு சாஃப்ட்வேர் விண்டோஸில்தான் ஓடும் என்றால் முதலில் அதைக் கேட்டுக்கொள். உன் வேலை எழுத்தும் எக்ஸெல் கட்டமும்தானே, ஓடும் என்றுதான் நினைக்கிறேன். மருமகளின் பழையதைத் தூக்கிப் போடாதே. டிஸ்க்கை வேகமான எஸ்எஸ்டியாக மாற்றி லேசான லினக்ஸ் ஒன்றை ஏற்று, இன்னும் அஞ்சு வருடம் உழைக்கும். ஐஸ் ஃபாக்டரிக்குப் பின்னால் அந்தப் பதினாலு வருடக் கிழவனே எஸ்எஸ்டி போட்டு, மானிட்டர் மாட்டி, இப்போது எண்பது விநாடியில் எழுந்து உட்காருகிறான், அளவு எல்லாம் அதில்தான் ஏறுகிறது.

ஆனால் எதை வாங்கினாலும் ஒன்று தெரிந்துகொள். நல்ல லேப்டாப் என்று ஒன்று உண்டு, சாகாத லேப்டாப் என்று ஒன்று கிடையாது. முப்பது வருடமாக மிஷின் விற்கிறேன், காப்பி எடுத்து வையுங்கள் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை, அதில் எனக்கு வரும்படி இல்லை என்பதால். இப்போது கல்லாவுக்கு மேல் எழுதி ஒட்டியிருக்கிறேன். எவ்வளவு சின்ன எழுத்து என்று திருகாணி முணுமுணுத்ததால் பெரிதாக எழுதி மறுபடி ஒட்டினேன்.

போன வெள்ளிக்கிழமை ஷூக்காரம்மாவின் அறைக்கு நானே முதல் தடவை அளவெடுக்கப் போனேன். தபால் கொடுக்கும் ஒரு அம்மா வந்திருந்தார், வலது கால் மூன்று விரற்கடை குட்டை. முட்டி போட்டு உட்கார்ந்து அவர் பாதத்தைத் தாளில் வைத்துக் கோடு போட்டேன். ஷூக்காரம்மா பக்கத்தில் நின்று, "பென்சிலைச் சாய்க்காதீங்க, நேரா பிடிங்க. சாய்ச்சா கால் பெருசாத் தெரியும். வியாபாரி கை, எதையும் பெருசாக்கித்தான் காட்டும்" என்றார். தபால்கார அம்மா சிரித்துவிட்டார். சிரிக்கும்போது பாதம் தளர்ந்து தாளில் முழுதாகப் படிந்தது. அதற்குத்தான் அவர் கணவர் சிரிக்க வைத்து அளக்கச் சொல்லி எழுதியிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. மூன்று பேரை அளந்தேன். எழுந்திருக்க என் முழங்காலும் சத்தம் போட்டது. வீட்டுக்கு வந்தபோது மேசையில் டீ இருந்தது.

உனக்கு அந்த இருபதில் கீல் இறுக்கமான ஒன்றைத் தேர்ந்து, புது பேட்டரி போட்டு, ரேமை இரட்டித்து எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் பார்சலில் வரும். வந்ததும் நான் சொன்னபடி பட்டன் எல்லாம் அழுத்திப் பார்த்துவிட்டு எனக்கு எழுது, அம்மா அனுப்பினது என்று சும்மா விட்டுவிடாதே. இருவரும் நன்றாக இருங்கள், உங்கள் கைப்பட்டது எல்லாம் நிலைத்து நிற்கட்டும், அப்பாவும் ஆசி சொல்கிறார். பணம் அனுப்பாதே, இதற்கு விலையை ஷூக்காரம்மாவும் நானும் பேசி முடித்துவிட்டோம், உன்னைக் கேட்காமலேயே உன் சார்பில் ஒப்புக்கொண்டேன். அவர் காசும் புது லேப்டாப்பும் வேண்டாம் என்றுவிட்டார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மூன்று மணிக்கு நான் போய், ஆள் அனுப்பாமல் என் கையால், நூற்றுப் பதினைந்து பேரையும் அளந்து முடிக்க வேண்டும். அவர் தைக்கும் காலம் வரை அந்தப் பழைய மிஷினை நாங்கள் அவர் இடத்துக்கே போய் ஓட வைக்க வேண்டும். அளவுக்கு மூன்று காப்பி, ஒன்று அவரிடம், ஒன்று திருகாணியிடம், மூன்றாவது, "உங்க கை எட்டாத தூரத்துல இருக்கணும். அந்தப் பாதம் படத்தை உங்க பையன்தானே கவனிச்சுக் கேட்டாரு, அவர்கிட்ட இருக்கட்டும்" என்றார். ஆகவே உன் லேப்டாப்பில் அது ஏறித்தான் வரும், பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும், எந்த எண் யாருடையது என்பது அவர் நோட்டில் இருக்கிறது, புதிதாக அளப்பதை வாராவாரம் திருகாணி உனக்கு அனுப்பிவைப்பார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நீ அதைத் திறந்து பார்த்து, முந்நூற்றுப் பதினொன்று நிறையும் வரை எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணி, எனக்கில்லை, அவருக்கு ஒரு வரி எழுத வேண்டும், அதுதான் விலை.

இப்படிக்கு,
எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கும்
உன் அம்மா